ஏழு பவுண்டு

இடப்பக்கம், இடப்பக்கம் என்று
முணுமுணுத்தபடி ஓட்டுகிறாள் அக்கா.
வலப்பக்கச் சாலைகளில் வளர்ந்தவர்கள் நாங்கள்.
எங்கள் அர்ஜென்டினச் சமவெளியில்
ஒரு வளைவைப் பார்க்க
அரைநாள் போக வேண்டும்.
இங்கோ வளைவுகளுக்கு நடுவே
அங்கங்கே கொஞ்சம் சாலை.
இருபுறமும் முள்வேலிச் செடிகள்
கார்க் கண்ணாடியை உரசி உரசி
யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரிக்கின்றன.

மலிங்கர் தாண்டியதும் மழை.
மழை என்றும் சொல்ல முடியாது.
வானம் ஒரு தும்மலை
அடக்கிக்கொண்டிருக்கிறது.

என் மடியில் ஒரு ஜெராக்ஸ்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு, மார்ச்.
"தம்பி பியர்ஸ்,
நலமென்று கேள்விப்பட்டோம், ஆடுகள் பெருகியதென்றும்.
உன் கப்பலுக்குத் தந்த ஏழு பவுண்டை அனுப்பினால்
இந்த வருடக் குத்தகையைக் கட்டிவிடுவேன்.
அண்ணன் மைலஸ்."

பதில் போனதா, தெரியாது.
எங்கள் வீட்டில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பாது.
முந்நூறு ஹெக்டேர் பற்றித் திரும்பும்.
சாப்பாட்டு மேஜைக்கு மேல்
தாடியோடு சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும்
பியர்ஸ் பற்றித் திரும்பும்.

பங்கு அலுவலகத்தில்
பதிவேட்டைத் திறந்த பெண்மணி
குடும்பப் பெயர் கேட்டாள்.
ஒரு எழுத்து விடாமல் சொன்னோம்:
ஹெ-யோ-ஹே-கன்.
"ஓ, கேகன்!" என்றாள்,
கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல
பாதி எழுத்தை உதறிவிட்டு.
ஐந்து தலைமுறை,
ஞானஸ்நானத்தில், திருமணத்தில், கல்லறையில்
எங்களை நாங்களே தப்பாகக் கூப்பிட்டிருக்கிறோம்.
அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
எனக்கு வரவில்லை.

மூன்றாவது சந்து, சிவப்புத் தகரக் கொட்டகை.
சாலை நடுவே ஒருவர்
வருவோம் என்று தெரிந்தவர்போல்
இரண்டு கையையும் ஆட்டினார்.
ஒரு கணம்
நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது.

"இறங்குங்க. அந்தத் திறப்புல நில்லுங்க.
கையை நல்லா விரிச்சுக்கோங்க. மாடு வருது."

ஆடு மேய்த்த வம்சம் என்பார்கள்.
நான் பல் மருத்துவன்.
முப்பத்திரண்டு மாடுகள், ஒரே மூச்சாக,
சாலை முழுதும் ஆவியும் சாணமும்.
ஒரு செவலை மட்டும் நின்று
என்னை ஏற இறங்கப் பார்த்தது.
இவன் ஓடுகிற ஜாதிதானா
என்று கணக்குப் போடும் பார்வை.
நின்றேன்.
முழங்கால் இரண்டும் வேறு வேறு திசையில்
நடுங்கினாலும், நின்றேன்.

யூஜின் கேகன் என்று ஈரக்கையை நீட்டினார்.
அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து
கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
மைலஸ் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.
இந்த நிலம் அவர் அப்பா வாங்கியது,
லாங்ஃபோர்டிலிருந்து வந்து, எழுபத்திரண்டில்.
"கேகனுங்க இங்க மழை மாதிரி.
உங்க கேகன் வேற, நாங்க வேறயா இருக்கும்."
அப்புறம், கடிதத்தை மடித்துக்கொண்டே,
"பாவம், கட்ட முடிஞ்சுதோ என்னவோ" என்றார்.

அக்கா ஐம்பது யூரோ நோட்டை எடுத்து நீட்டினாள்.
அசட்டுத்தனம். ஆனால் நானும்
பர்ஸைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
அந்த நோட்டை அவர்
செவலை என்னைப் பார்த்ததுபோலவே பார்த்தார்.
"மாடு மறிச்சதுக்கு
நானில்ல உங்களுக்குக் கொடுக்கணும்"
என்று உள்ளே போய்
ஆறு முட்டையோடு வந்தார்.
ஒன்றில் இன்னும் சூடு இருந்தது.

விடுதி அறையில் அடுப்பு கிடையாது.
விமானத்தில் முட்டை ஏற்ற முடியாது.
மடியில் கடிதம், கடிதத்தின் மேல் அட்டைப்பெட்டி,
ஒவ்வொரு வளைவிலும்
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.
ஏழு பவுண்டு. ஆறு முட்டை.
அக்கா இப்போது முணுமுணுக்கவில்லை.
எதிரே ஒரு டிராக்டர்.
இடப்பக்கம், என்கிறேன் நான்.